எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள்: பூம்புகாரிலிருந்து ஒரு வரலாறு



"ரிட்டையர் ஆகியும் பாடம் நடத்துவதை விடவில்லையே டீச்சர்" என்று போன பதிவின் கீழே ஒருவன் எழுதியிருந்தான். விடமாட்டேன் தம்பி. இன்றைய பாடம் வரலாறு. தலைப்புதான் உங்களுக்குப் புதிதாகத் தோன்றும். நாற்காலியை விட்டு எழுந்து போகும்போது கம்ப்யூட்டர் திரையைப் பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டிவிட்டுப் போவது பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதில் என்ன வரலாறு என்று கேட்காதீர்கள். ஆள் இல்லாத இடத்தில் ஒரு பொருளை எப்படி விட்டுவிட்டுப் போவது என்பது மிகப் பழைய கேள்வி. நம் காவிரிக் கரையிலேயே அதற்குப் பல பதில்கள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் இந்தத் திரைப்பூட்டு எங்கே வேறுபடுகிறது என்று புரியும்.

முதல் பதில் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பூம்புகாரில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடத்தை இளங்கோவடிகள் காட்டுகிறார். ஊருக்குப் புதிதாக வந்த வணிகர்களின் பொதிகள் அங்கே கிடக்கும். ஒவ்வொரு பொதியின் மேலும் உரியவர் பேரும், எண்ணும் அடையாளமும் எழுதியிருக்கும். கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. யாராவது திருட வந்தால் அந்தப் பொதியை அவன் தலையிலேயே ஏற்றி, கழுத்துக் கடுக்க அங்கேயே சுற்றிச் சுற்றி வர வைக்குமாம் அந்த மன்றம். வெளியே கொண்டுபோக விடாதாம். நினைத்தாலே நடுங்கும் இடம் என்கிறார் அடிகள். இது காவியம் சொல்லும் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது, கவனியுங்கள். பொதியின் மேல் உரியவர் பேர் இருக்கிறது. சுமை திருடியவன் தலையில் இருக்கிறது. பேரும் சுமையும் இடம் மாறவில்லை.

இரண்டாவது பதில் முத்திரை. கரிகாலனைப் பற்றிய பட்டினப்பாலையில், அதே துறைமுகத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் வந்த பண்டங்களின் மேல் சோழனின் புலி முத்திரையைக் குத்தி வெளியே விட்டதாக வருகிறது. முத்திரைக்குத் திருடனைத் தடுக்கும் பலம் கிடையாது. கை வைத்திருந்தால் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இதையே நம் வீட்டுப் பெரியவர்கள் களத்துமேட்டில் செய்தார்கள். தூற்றிக் குவித்த நெல்லை அன்றைக்கே வீடு கொண்டுவந்து சேர்க்க முடியாமல் போனால், அம்பாரத்தின் மேல் சாணிப்பாலோ சாம்பலோ கொண்டு குறி போட்டுவிட்டு வருவார்கள். இரவில் எவனாவது ஒரு மரக்கால் அள்ளினாலும் நெல் சரிந்து குறி கலைந்துவிடும். காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது குறியைத்தான். என் வயதுக்காரர்கள் இதைச் சிறுவயதில் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது பதில் பூட்டு. திண்டுக்கல் பூட்டை அறியாதவர் இல்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுக்கு அடுத்தபடி இரட்டைப் பூட்டு. அரசுக் கருவூலத்தின் காப்பறைக்கு ஒரே சாவி கிடையாது. இரண்டு பூட்டு, இரண்டு அலுவலர், இரண்டு சாவி. ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. வங்கி லாக்கரிலும் நம் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று.

பொதுத்தேர்வு வினாத்தாள்களுக்கும் இதே முறைதான். கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டு, வெளியே போலீஸ் காவல். தேர்வு அறையில் உறையைப் பிரிக்கும் முன்பு முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று காட்டி இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். உங்களில் சிலர் அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பீர்கள். பெரிய கௌரவமாக வீட்டில் வந்து சொல்லியும் இருப்பீர்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் திருடனுக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சாவி வைத்திருப்பவர் நேர்மையானவர் என்பதை ஊருக்குக் காட்டுவதற்காகவும்தான். வினாத்தாள் வெளியே போய்விட்டது என்று ஒரு வதந்தி கிளம்பினால், ஒற்றைச் சாவி வைத்திருந்தவர் கதி என்ன? பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். இரட்டைப் பூட்டு அவருடைய பேரைக் காக்கிறது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

முதலில் வந்த பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். வேலையை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பாட்டோ என்பவர் தலைமையில் 1961-ல் இது மாறியது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் தனித்தனி முனையங்களில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு வீட்டில் பல குடித்தனம் வந்துவிட்டால் ஒவ்வொரு அறைக்கும் பூட்டு வேண்டாமா? அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டின் பிறப்பு என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

பூட்டு வந்த மறு வருடமே கள்ளச்சாவியும் வந்துவிட்டது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கம்ப்யூட்டரில் ஒதுக்கிய நேரம் போதவில்லை. பாஸ்வேர்டுகள் எல்லாம் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தரச் சொல்லி ஓர் அட்டையைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாயிற்றே, அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. அடுத்தவர் பேரில் நுழைந்து தன் வேலையை முடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார்.

அதே கம்ப்யூட்டரில் 1960-களின் நடுவில் இன்னொரு வேடிக்கை. உள்ளே நுழைபவர்களுக்கு அன்றைய அறிவிப்பு வர வேண்டும். இரண்டு கோப்புகள் இடம் மாறிப் போனதால், ஒரு நாள் பிற்பகல் நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்து நின்றது. பள்ளி அறிவிப்புப் பலகையில் வினாத்தாளை ஒட்டி வைத்த மாதிரி. கார்பாட்டோ பிற்காலத்தில் டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்தால் ஆபத்து என்று புரிந்தது. அரிசியை மாவாக அரைத்துவிட்டால் மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? அதுபோலப் பாஸ்வேர்டைக் கணக்கில் அரைத்து அந்த மாவை மட்டும் சேமித்து வைப்பது என்ற முறை வந்தது. நாம் பாஸ்வேர்டை அடிக்கும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்சன் இருவரும் 1979-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளை ஆராய்ந்ததில் 2,831, அதாவது 86 சதவீதம், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. ஓரெழுத்து, ஈரெழுத்து, அகராதியில் உள்ள சொல், இப்படி. இன்றைக்கு நம்மில் பலர் பிறந்த தேதியையும் பிள்ளை பேரையும் வைக்கிறோம். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

சரி, பாஸ்வேர்டு உள்ளே நுழைவதற்கு. நுழைந்தபின் எழுந்து போனால்?

இங்கேதான் திரையின் கதை வருகிறது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் நினைவிருக்கிறதா? ஒரே எழுத்து மணிக்கணக்கில் நின்றால் அதன் தழும்பு திரையில் பதிந்துவிடும். அதைத் தவிர்க்க 1983-ல் ஜான் சோகா என்பவர், சில நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கும் சிறு நிரலை எழுதி ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். திரையைக் காப்பது என்பதால்தான் ஸ்கிரீன் சேவர் என்று பேர். பிறகு மீன் நீந்துவதும் நட்சத்திரம் பறப்பதுமாக அது ஓர் அலங்காரமாயிற்று.

யாரும் இல்லை என்பதைக் கம்ப்யூட்டர் தானே தெரிந்துகொள்கிறது என்றால், திரும்பி வருபவரை "யார்?" என்று கேட்கவும் வைக்கலாமே! 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ஸ்கிரீன் சேவருக்குப் பாஸ்வேர்டு போடும் வசதி இருந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும் வசதி வந்தது. கண்ணாடிக்குத் தழும்பு விழக்கூடாது என்று தொடங்கியது, மனிதர் பேருக்குத் தழும்பு விழாமல் காக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சிறு பூட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உலக உதாரணம். 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் ராஸ் உல்பிரிக்ட் என்பவர் தன் லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். சில்க் ரோடு என்ற இணையச் சந்தையைப் பேர் மறைத்து நடத்தியவர். போதைப்பொருள்தான் அங்கே முக்கிய வியாபாரம். அவர் லேப்டாப்பை மூடிவிட்டால் உள்ளே இருப்பதை எடுப்பது மிகக் கடினம் என்று எஃப்.பி.ஐ.க்குத் தெரியும். அதனால் ஆணும் பெண்ணுமாக இரண்டு அதிகாரிகள் அவருக்குப் பின்னால் வந்து சண்டை போடுவது போல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் லேப்டாப் அதிகாரிகள் கைக்குப் போய்விட்டது. திறந்த திரையில் இருந்தவையே வழக்கில் பெரிய சாட்சியம். 2015-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் மன்னித்து விடுவித்தார். குற்றத்தை விட்டுவிடுங்கள். பூட்டாத ஒரு திரைக்காக இவ்வளவு பெரிய காவல் அமைப்பு நாடகம் போட்டது. நாமோ டீ குடிக்கப் போகும்போது அதை இலவசமாகத் திறந்து வைத்துவிட்டுப் போகிறோம்.

இனி நம் ஊர்க் கதை. நான் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்திய ஒரு பெண், ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எந்த ஊர், எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஒரு நாள் மதியம் சாப்பிட எழுந்து போயிருக்கிறாள். திரை திறந்தே இருந்தது. இருபது நிமிடத்தில் அவளுடைய லாகினில் ஒரு பதிவு திருத்தப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. யார் செய்தது என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் அவள் பேரைத்தான் சொல்கிறது. 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அரசு ஊழியர்களுக்கு அந்த எண் என்னவென்று விளக்கத் தேவையில்லை. "நான் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்பதை நிரூபிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதைவிட எனக்கு மனது கஷ்டப்பட்டது இன்னொரு விஷயத்தில். அந்த அறையில் அப்போது ஒரு தற்காலிகப் பணியாளர் இருந்திருக்கிறார். வயதானவர். கம்ப்யூட்டரைத் துடைப்பதோடு சரி, தொடத் தெரியாது. அந்த ஒரு வருடமும் எல்லோர் பார்வையும் அவர் மேல்தான். கடைசியில் அவர் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இப்போது பூம்புகாருக்குத் திரும்பிப் பாருங்கள். அன்று பேர் பொதியின் மேல் இருந்தது, சுமை திருடன் தலையில் ஏறியது. இன்று திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரில் நம் பேரே ஒரு பொதியாகக் கிடக்கிறது. எடுத்தவன் போய்விடுகிறான், சுமை உரியவர் தலையில் ஏறுகிறது. களத்து நெல்லில் கை வைத்தால் குறி கலையும். இங்கே கலைய ஒன்றுமில்லை. எல்லாம் ஒழுங்காக, நாமே செய்தது போல, நேரம் நிமிடத்தோடு பதிவாகிவிடும். பழைய பூட்டுகள் பொருளைக் காத்தன. திரைப்பூட்டு நம் பேரைக் காக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் பேரையும் சேர்த்துக் காக்கிறது.

"நம்ம ஆளுங்க முன்னாடி பூட்டினா என்ன நினைப்பாங்க டீச்சர்?" என்று அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள். நம் பக்கத்துப் பண்பு அப்படி. வந்தவர் முன்னால் பீரோவைப் பூட்டினால் அவமரியாதை என்று நினைப்போம். இரட்டைப் பூட்டைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். பூட்டிய திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் யாரும் சந்தேகப்பட முடியாது. திறந்த திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பாவம், எல்லாச் சந்தேகத்துக்கும் உள்ளாகிறார். நீங்கள் பூட்டுவது அவரை நம்பாததால் அல்ல, அவரை யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக. இப்படிச் சொல்லிப் பாருங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் செய்த திருத்தத்தின்படி, பிரிவு 66-சி வந்தது. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த அடுத்தவர் யார் என்று முதலில் தெரிய வேண்டுமே. 2022 ஜூனில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதலில், இருக்கையை விட்டுச் சிறிது நேரம் எழுந்தாலும் கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டும் அல்லது லாக் ஆஃப் செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

நம் மன்னார்குடிக்கு மதிலழகு என்று பேர். திருவாரூருக்குத் தேர், நமக்கு மதில். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், அர்த்தஜாமத்துக்குப் பிறகு திட்டிவாசல் திறந்து கிடந்தால் அந்த உயரத்தால் என்ன பயன்? நீளமான பாஸ்வேர்டு மதில். திரைப்பூட்டுதான் திட்டிவாசல். மதிலைக் கட்டிவிட்டு வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி செய்முறை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. எழுந்திருக்கும்போது விண்டோஸ் படம் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு எல் எழுத்தைத் தட்டுங்கள். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்களில் இதுவோ, கண்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றும் சேர்ந்தோ வேலை செய்யும். ஆப்பிள் மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், கியூ. 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை வாங்கிய தலைமுறை நீங்கள். இது உங்களுக்கு ஒரு நொடி வேலை. திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது. கடை உள்ளே அப்படியே இருக்கும், கதவு மட்டும் சாத்தியிருக்கும்.

இரண்டு. மறந்துபோவது மனித இயல்பு. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்படி செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது பாஸ்வேர்டு கேட்கும்படியும் வைக்க வேண்டும். திரை இருட்டாவது வேறு, பூட்டிக்கொள்வது வேறு. மானிட்டர் பொத்தானை அணைப்பது பூட்டு ஆகாது. விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

மூன்று. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போவார்களா?

நான்கு. ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்தும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளிகளிலும் உண்டு. ஆள் பற்றாக்குறை, கம்ப்யூட்டர் பற்றாக்குறை எல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் தனித்தனி லாகின் கேட்டு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேள்வி வந்தால் அந்தத் தாள் பேசும்.

ஐந்து. என் வயதுக்கார உறவினர்களுக்கு. உங்களிடம் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் கையில் போன் இருக்கிறது. அதற்குள் வங்கிக் கணக்கும் இருக்கிறது. கல்யாண வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் போனுக்கும் இதே பாடம்தான். முப்பது நொடியில் தானே பூட்டிக்கொள்ளும்படி பேரப்பிள்ளைகளை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம் சின்னதுதான். நாளைக் காலை வேலைக்குப் போனதும், முதல் தடவை எழுந்திருக்கும்போது திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்டால், "உங்களுக்காகத்தான்" என்று சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். நான் திருத்தி மார்க் போடுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மன்னார்குடி.